விடுதி மெஸ் கழிவு: பயோகேஸா, உரத்தொட்டியா, இயந்திரமா?

பசுமை வளாகம் என்றதும் கல்லூரிகளில் முதலில் நடப்பது மரக்கன்று விழா. அடுத்து கூரையில் சூரியத் தகடுகள். இரண்டும் தேவைதான். ஆனால் மூன்று வேளையும் தவறாமல் சேரும் மெஸ் கழிவைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் இடங்களை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனியாக வகைப்படுத்தின. மட்கும் கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்தவும் சொல்லின. ஆயிரம் பேர் சாப்பிடும் விடுதிக்கு 100 கிலோ பெரிய அளவே இல்லை. அதற்குக் கல்லூரிகள் முன்னால் பொதுவாக வைக்கப்படும் வழிகள் மூன்று.

‘24 மணி நேரத்தில் உரம்’ என்று விற்கப்படும் மின் இயந்திரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மட்குவது நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் செய்கிற வேலை. ஒரே நாளில் நடப்பது அரைப்பதும் சூடாக்கி உலர்த்துவதும் மட்டும்தான். வெளியே வரும் பழுப்புத் தூள் பார்வைக்கு உரம் போல இருக்கும். தண்ணீர் பட்டதும் மறுபடி அழுகத் தொடங்கும். அதை அப்புறம் சில வாரம் குவித்து மட்க வைக்கத்தான் வேண்டும் என்றால், நடுவில் அவ்வளவு மின்சாரம் எதற்கு?

உண்மையான போட்டி பயோகேஸுக்கும் உரத்தொட்டிக்கும் இடையில்தான்.

பயோகேஸின் கணக்கு யாரையும் இழுக்கும். காற்றுப் புகாத கலனுக்குள் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து எரிவாயு தருகின்றன. நன்றாக ஓடும் கலனில் 100 கிலோ உணவுக் கழிவு போட்டால் ஏறத்தாழ 10 கன மீட்டர் வாயு வரும். அது 4 முதல் 5 கிலோ எல்பிஜிக்குச் சமம். நாலைந்து நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். சோறு, சப்பாத்தி, வடித்த கஞ்சி என்று மெஸ்ஸில் மிஞ்சுவதெல்லாம் மாவுச்சத்து. சாணத்தைவிட அது பல மடங்கு வாயு தரும். புனேயின் தாவரவியலாளர் ஆனந்த் கர்வே வீட்டுக் கலன்களை வடிவமைத்தது இதை நம்பித்தான். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ‘நிசர்குருணா’ முறையோ, கழிவை வெந்நீரோடு கலந்து காற்றோட்டத்தில் முதலில் கொஞ்சம் செரிக்க வைத்து, பிறகுதான் கலனுக்குள் விடுகிறது.

ஆனால் கலனை மாடு வளர்ப்பது போலத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விருந்து நாளில் மிஞ்சியதையெல்லாம் மொத்தமாகக் கொட்டினால் உள்ளே அமிலம் ஏறி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் படுத்துவிடும். ஊறுகாயும் எலுமிச்சைத் தோலும் அதிகமானாலும் இதே கதி. முருங்கைச் சக்கை, வாழை இலை, தேங்காய் நார் எல்லாம் செரிக்காமல் மிதந்து அடைக்கும். மே மாதம் விடுதி காலியானால் கலனுக்குத் தீனி இல்லை; திறக்கும்போது சாணம் கரைத்து ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். வந்த வாயுவை அன்றன்றே எரிக்காமல் வெளியே கசிய விட்டால் நோக்கமே கெட்டுவிடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடிக்கும்.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதில்லை. 100 கிலோ கழிவுக்கு அதே அளவு தண்ணீர் ஊற்றினால், தினமும் ஏறத்தாழ 200 லிட்டர் ஸ்லரி, அதாவது செரித்து முடிந்த கழிவுக் கரைசல், வெளியே வரும். தோட்டத்துக்குக் கொண்டுபோக ஆளும் வழியும் இல்லையென்றால் அது சாக்கடைக்குத்தான் போகும். புதுத் தண்ணீர் வேண்டாம், அரிசி கழுவிய தண்ணீரே போதும் என்பது ஓர் ஆறுதல்.

உரத்தொட்டியில் கவர்ச்சி குறைவு, பொறுமை அதிகம். எரிவாயு தராது. ஆனால் வாழை இலையையும் முருங்கைச் சக்கையையும் ஏற்கும், விடுமுறையில் பட்டினி கிடந்தாலும் சாகாது. ஈரமான சோற்றோடு அளவில் அதைப்போல ஒரு மடங்கோ இரண்டு மடங்கோ சருகு சேர்த்து, பக்கவாட்டில் காற்றுப் போகவிட்டால், குவியல் 55 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், நாறாது. இரண்டு மாதத்தில் உரம். நாறுகிற உரத்தொட்டி என்றால் பெரும்பாலும் அங்கே சருகு போதவில்லை என்று பொருள்.

நம் ஊரில் சிக்கல் இதில்தான். மரங்கள் சருகு கொட்டுவது மாசியிலும் பங்குனியிலும். அது ரொம்பத் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அதனால் உரத்தொட்டிக்கான முதல் செலவு தொட்டிக்கு இல்லை, சருகைச் சேர்த்து வைக்க ஒரு கூரைக்கு. அந்தக் கூரை இருந்தால், தூங்குமூஞ்சி மரத்தடியில் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கமும் நிற்கும். எனக்கு உரத்தொட்டி பிடிக்க இதுவே பெரிய காரணம்: சோறு, சருகு என்ற இரண்டு கழிவுகளுக்கு ஒரே விடை.

ஆகவே விடுதி இல்லாத கல்லூரிக்கு உரத்தொட்டி போதும், யோசிக்கவே வேண்டாம். பெரிய விடுதி இருந்தாலும் முதல் வருடம் உரத்தொட்டியை ஓட்டிப் பார்க்கட்டும். தினமும் எத்தனை கிலோ வருகிறது, பிரித்துப் போடும் பழக்கம் மெஸ்ஸில் நிற்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். கலனைப் பார்த்துக்கொள்வதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆளைச் சம்பளத்தோடு நியமிக்க நிர்வாகம் தயாரென்றால் மட்டும் இரண்டாம் வருடம் பயோகேஸ் போடலாம். மாணவர் மன்றத்தை நம்பிப் போடக் கூடாது. தேர்வு நேரத்தில் கலன் பட்டினி கிடக்கும். கலனிலிருந்து வரும் ஸ்லரியைச் சருகுக் குவியலில் ஊற்றலாம். ஈரமும் தழைச்சத்தும் அதிலேயே கிடைத்துவிடும், சாக்கடைக்கும் எதுவும் போகாது.