ஆறின பிறகும் குடிக்கேலுமா? பெட்டித் தேத்தண்ணியும் அவிச்ச பூத்தண்ணியும்

ஃபிளேவர் தேத்தண்ணியச் சூட்டோட ஒரு வாய் குடிச்சிட்டு "ஆஹா" எண்டு சொல்லுற ஆக்கள்ட தீர்ப்புல எனக்கு நம்பிக்கை இல்ல. சூடா இருக்கேக்க எல்லாமே மணக்கும், அந்த மணம் மூக்குக்கு ஏறினா நாக்கு என்ன சொல்லுது எண்டே தெரியாது. அதால நான் எல்லாத்தையும் ஒரே விதமாத்தான் குடிச்சுப் பாத்தன், சீனி போடாம, பால் விடாம, அரைவாசிய சூட்டோட, மிச்சத்த மேசையில வச்சு நல்லா ஆறவிட்டு. திருகோணமலை வெக்கையில ஆறுறதுக்கே ஒரு பொறுமை வேணும், அது வேற கதை. அந்த ஆறின அரைவாசிய சிங்க்கில ஊத்தாமக் குடிச்சு முடிக்க மனம் வருதா, அவ்வளவுதான் என்ர அளவுகோல்.

போட்டியில ரெண்டு கூட்டம். ஒண்டு சூப்பர்மாக்கற் தட்டில கலர் கலரா அடுக்கியிருக்கிற பெட்டியள், கறுத்தத் தேயிலையில வனிலா, ஸ்ட்ரோபெரி, இஞ்சி, ஏர்ல் கிரே எண்டு மணம் ஏத்தினது. மற்றது தேயிலையே இல்லாத கூட்டம், பெலிமல் எண்டுற வில்வம்பூ, ஆவாரம்பூ, மல்லி, சங்குப்பூ, கெமோமைல். இந்த ரெண்டாம் கூட்டத்துல கஃபீன் இல்ல, ராத்திரி பத்து மணிக்குக் குடிச்சாலும் நித்திரைய ஒண்டும் செய்யாது. கிரீன் டீயையும் மூலிகை எண்டு நினைச்சு படுக்க முதல் குடிக்கிற ஆக்கள் இருக்காங்க, அதுவும் அதே தேயிலைச் செடியில இருந்து வாறதுதான், கஃபீன் இருக்கு, பிறகு நித்திரை வரேல்ல எண்டு ஃபேனைக் குறை சொல்லக்கூடாது.

இஞ்சியில இருந்து தொடங்குவம், பெட்டிக்காரன் மோசமாத் தோக்கிற இடம் இதுதான். நான் வாங்கின இஞ்சி டீபேக்குல சுடுதண்ணி ஊத்தின உடன வாற மணம் நல்லாத்தான் இருக்கு, வாயில வச்சாப் பிறகு உறைப்பு எங்க எண்டு தேட வேண்டிக் கிடக்கு. காரணம் என்னெண்டா இஞ்சியில மணம் வேற, உறைப்பு வேற. மணம் ஆவியாகிற எண்ணெய், உறைப்பு ஜிஞ்சரோல் எண்ட சாமான், அது பறந்து மூக்குக்கு வராது, நாக்குல பட்டாத்தான் தெரியும். மணத்தை மட்டும் தூள்ல ஏத்தினா மூக்கு ஏமாறும், தொண்டை ஏமாறாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தேத்தண்ணிக் கடையில ஒரு துண்டு இஞ்சிய நசுக்கி கிளாசுக்குள்ள போட்டு மேலால சாயத்தை ஊத்தித் தாற பிளேன்டியோட இதை ஒரே மேசையில வைக்கவே ஏலாது. அது ஆற ஆற உறைப்புக் கூடும், துண்டு அடியில கிடந்து ஊறிக்கொண்டே இருக்குதே, கடைசி மிடறுதான் ஆளைத் தூக்கும். வேர்க்கொம்பு போட்டா அது இன்னொரு சங்கதி, இஞ்சி காயேக்க ஜிஞ்சரோல்ல ஒரு பங்கு ஷோகோல் எண்டதா மாறுது, அது இன்னும் உறைப்பு, ஆனா பச்சை இஞ்சியில இருக்கிற அந்த தேசிக்காய் வாசம் போயிடும். தடிமனுக்கு வேர்க்கொம்பு, சும்மா பின்னேரத்துக்குப் பச்சை இஞ்சி, டீபேக்கு ஒண்டுக்கும் வேண்டாம்.

பழ ஃபிளேவர் பெட்டியளைப் பத்திக் கதைக்க முதல் ஒரு வேலை செய்யுங்க. ஒரு பையைக் கத்தரிக்கோலால வெட்டி வெள்ளைப் பீரிசில கொட்டிப் பாருங்க. நான் வெட்டின ஸ்ட்ரோபெரிப் பையில கறுத்தத் தூளுக்குள்ள மங்கின வெள்ளையா சின்னச் சின்னக் குருணையள் கிடந்தது, ஃபிளேவர் அதுக்குள்ளதான். ஒண்டை விரல்ல ஒத்தி நாக்குல வச்சன், மூக்குக்குள்ள ஸ்ட்ரோபெரி குப்பெண்டு அடிக்குது, நாக்குல இனிப்பும் இல்ல புளிப்பும் இல்ல. பழம் எண்டா இனிப்பும் புளிப்பும் தானே, ரெண்டையும் எடுத்துப்போட்டு வாசத்தை மட்டும் தந்தா வாய் எதையோ எதிர்பாத்து வெறுங்கையோட திரும்புது. ஆறினாப் பிறகு அந்த வாசமும் போய், மலிவான தூளின்ர கயர்ப்பு மட்டும் நிக்கும், அரைவாசிக் கோப்பை சிங்க்குக்குத்தான். நியாயமாச் சொல்லுறதெண்டா இதுகள் ஐஸ் டீக்குச் சரியான சாமான், கடும் சாயமா ஊத்தி சீனியும் தேசிக்காய்ப் புளியும் விட்டு ஐஸ் போட்டா அந்த வாசம் எழும்பி நிக்கும், நிலாவெளி வெயில்ல குளிச்சிட்டு வாறாக்களுக்குக் குடுத்தா ரெண்டாம் கிளாஸ் கேப்பாங்க. வனிலா மட்டும் பழக் கூட்டத்தோட சேராது. அதுக்குப் புளிப்புத் தேவை இல்ல, பால் விட்டா நல்லாப் பொருந்துது, பாலில்லாம எண்டா நடுத்தரம்.

பெட்டிக்காரங்கள்ல உண்மையா நிண்டு பிடிச்சது ஏர்ல் கிரே. பெர்கமொட் எண்ட பழம் இத்தாலியிட தெற்குப் பக்கம் கலாப்ரியாவில விளையுறது, தேசிக்காய்ச் சாதிதான், அதின்ர தோல் எண்ணெயத்தான் தேயிலையில ஏத்துறாங்க. பேர் வந்தது 1830 தொடக்கம் 1834 வரை பிரிட்டன் பிரதமரா இருந்த கிரே பிரபுவால, அவருக்கும் இந்தத் தேத்தண்ணிக்கும் என்ன சம்பந்தம் எண்டதுக்கு ஆளுக்கொரு கதை சொல்லுறாங்க. ருசிக்கு வருவம். தோல் எண்ணெயில இயல்பாவே ஒரு சின்னக் கைப்பு இருக்கு, அது தேயிலையிட கயர்ப்போட கைகோத்துக்கொண்டு நிக்குது, அதால ஆறினாலும் ரெண்டும் பிரியிறேல்ல. ஆறின கோப்பைய முழுசா முடிச்சன். ஆனா பையைக் கனநேரம் ஊறவிடாதைங்க, மூண்டு நாலு நிமிசம் போதும், கூட விட்டா சென்ட் குடிக்கிற மாதிரிப் போயிடும்.

இதோட மோத விட நான் எடுத்தது ஃபிளேவரே போடாத ஊவாத் தேயிலை. இது எங்கட ஊர் ஆக்களுக்கு விளங்கும். தென்மேல் பருவக்காத்து மலைக்கு அங்கால மழையக் கொட்டிட்டு கிழக்குப் பக்கம் காஞ்ச காத்தா இறங்குது, அதுதான் இங்க கச்சான் எண்டு வந்து உதட்டை வெடிக்கப் பண்ணி மனிசர எரிச்சல் படுத்துறது. அதே காத்து பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்கள்ல செடியைக் காயப்போடேக்க கொழுந்துக்குள்ள ஒரு குளிர்ச்சியான மணம் ஊறுது, ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் பறிக்கிறதுக்குத்தான் அந்தப் பேர். அந்த மணத்துல பெரிய பங்கு மெதைல் சாலிசிலேட், நோவெண்ணெயள்ல போடுற அதே சாமான், கேக்க ஒரு மாதிரி இருந்தாலும் கோப்பையில அது பின்வாசமாத்தான் வரும், விழுங்கினாப் பிறகு வாய் குளிரும். சூட்டோட குடிச்சா ஏர்ல் கிரே முந்துது, ஆறினாப் பிறகு ஊவா முந்துது, என்ர அளவுகோல்ப்படி ஊவாக்குத்தான் வெற்றி. சாதாரண பக்கற்றுல வாறது பல இடத்துத் தேயிலைக் கலவை, அதுல இந்த மணத்தைத் தேடி மினக்கெடாதைங்க, ஊவா எண்டு தனியாப் போட்டதை வாங்கோணும்.

கறுவா, ஏலக்காய்க்குக் கனக்க எழுதத் தேவையில்ல. பட்டை மெல்லிசா, தாள் சுருட்டின மாதிரி அடுக்கடுக்கா இருக்கிற எங்கட நாட்டுக் கறுவாவ ரெண்டு துண்டு உடைச்சு சாயத்தோட கொதிக்க விட்டா சீனி இல்லாமலே ஒரு இனிப்பு வரும், பெட்டிக் கறுவா அதுக்குக் கிட்டவும் வராது. ஏலக்காய் பெட்டியிலயும் பரவாயில்ல.

இப்ப பூத்தண்ணி. பெலிமல், இதுதான் என்னைக் கேட்டா முழுப் போட்டியிலயும் முதலாவது. டவுன்ல சிங்களக் கடை தமிழ்க் கடை எண்டில்லாம எங்கயும் பக்கற்றுல கிடைக்குது, பெட்டித் தேத்தண்ணியோட பாத்தா விலையும் மலிவு. பாக்க ஒரு கவர்ச்சியும் இல்ல, மண்ணிறமாக் காஞ்ச மொட்டும் காம்பும். கோப்பையில போட்டுச் சுடுதண்ணி ஊத்தினா நிறம் மட்டும்தான் வரும், அதைக் குடிச்சிட்டு ருசி இல்ல எண்டு சொல்லுற ஆக்களைத்தான் கனபேரைக் கண்டிருக்கிறன். கேத்தல்ல இல்ல, சட்டியில போட்டு சின்ன நெருப்புல ஒரு பத்து நிமிசம் அவியோணும். அப்ப முதல் வைக்கோல் மணம் வரும், பிறகு அது மெல்ல மெல்ல மாறி காஞ்ச பழ வாசம் ஏறும், தண்ணி தேன் நிறத்துக்கு வந்தா இறக்கலாம். குடிச்சா கயர்ப்பு எண்ட சாமானே இல்ல, நாக்கு முழுக்க வழுவழுப்பா ஒரு மெல்லிய இனிப்பு, ஆறினா அந்த இனிப்பு இன்னும் தெளிவாத் தெரியுது. வெசாக் நேரம் தன்சல்ல, அதாவது காசில்லாமக் குடுக்கிற பந்தல்ல, பெரிய கிடாரத்துல இருந்து ஊத்தித் தாறதுல இந்த ருசி பிடிபடும், அது கனநேரம் அடுப்பில இருந்தது. தெற்குப் பக்கத்து ஆக்கள் கித்துள் கருப்பட்டியக் கடிச்சுக்கொண்டு குடிப்பாங்க, நான் பனங்கட்டி, பனங்கட்டியிட உப்புக் கலந்த இனிப்பு இதுக்கு இன்னும் சேரும் எண்டுறது என்ர பக்கச்சார்பு.

ஆவாரம்பூ இதுக்கு நேர் எதிரி. அவரை பயறு குடும்பத்துச் செடி எண்டதாலயோ என்னவோ, அவியேக்க அவிச்ச பயத்தங்காய் மணம்தான் வருது, சிலபேருக்கு அந்த இடத்திலயே விட்டுப்போகும். நிறம் அழகு, வெளிர் மஞ்சள்ல தொடங்கி நேரம் போகப் போகச் செம்மஞ்சள். ருசி லேசு, முடிவுல ஒரு கைப்பு எட்டிப் பாக்கும், ஆறினா அந்தக் கைப்பு முன்னுக்கு வந்து கதிரை போட்டு இருந்திடும். என்ர அளவுகோல்ல தோல்விதான், ஆனா ஒரு இடத்துல பெலிமல்ல அடிச்சு வீழ்த்துது, மத்தியானம் நல்ல உறைப்பா மீன் குழம்பும் சோறும் விட்டு விளாசினாப் பிறகு. பெலிமல் அந்த நேரம் மந்தமா இருக்கும், ஆவாரம்பூவிட கைப்பு வாயைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். எங்கட பெரியம்மா "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" எண்டு சொல்லிச் சொல்லியே ஊத்தித் தருவா, சீனி வருத்தத்துக்கு நல்லதாம். நான் இங்க ருசிக்கு மட்டும்தான் மார்க் போடுறன், குளிசை எடுக்கிற ஆக்கள் டொக்டரைக் கேட்டுக்கொண்டு குடிங்க. பொல்பலா, அதாவது சிறுபீளை, எனக்குப் புல் அவிச்ச தண்ணி, அதுக்கு மேல சொல்ல ஒண்டும் இல்ல.

தடிமன் சண்டையில மல்லியும் சமஹனும். மல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து அவிச்ச தண்ணி கொரோனா காலத்துல வீட்டுக்கு வீடு கொதிச்சது, அந்த மணம் கேட்டாலே ஊரடங்கு ஞாபகம் வாற ஆக்கள் இருக்காங்க. வறுக்காமப் போட்டா தோடம்பழத் தோல் வாசம், வறுத்துப் போட்டா கறித்தூள் பக்கம் சாயும், எனக்கு அரைவறுவல். சமஹன் 14 மூலிகை சேர்ந்த தூள், பக்கற்ற வெட்டி சுடுதண்ணியில போட்டாக் கரைஞ்சு போச்சு, மிளகும் திப்பிலியும் தொண்டையில நல்லாப் பிடிக்கும். சீனி அதுக்குள்ளயே இருக்கு, அதால என்ர சீனி இல்லாச் சட்டம் இதுகிட்டச் செல்லாது, தனிப் போட்டியாளரா வச்சிருக்கிறன். கொழும்பு பஸ்ஸுக்குப் போறதெண்டா பையில சமஹன், வீட்டில கிடக்கிறதெண்டா மல்லி.

சங்குப்பூ படம் பிடிக்க மட்டும். நீலமா இறங்கும், ரெண்டு சொட்டு தேசிக்காய்ப் புளி விட்டா கண் முன்னுக்கே ஊதாவா மாறும், அந்தோசயனின் எண்ட நிறச்சத்து புளி பட்டா நிறம் மாறுற சாதி, சின்னப் பிள்ளையளுக்கு நல்ல விளையாட்டு. ருசி எண்டு கேட்டா தேசிக்காய் ருசிதான். ஹிபிஸ்கஸ் எண்டு பெட்டியில விக்கிறது வேலியில நிக்கிற செவ்வரத்தை இல்ல, அது வேற இனம், பூவுக்கு அடியில இருக்கிற சிவத்தப் புல்லியத்தான் காயவைக்கிறாங்க. நல்ல கூர்மையான புளிப்பு, சூட்டை விட ஐஸ் போட்டா அருமை, கடல் காத்துல திரிஞ்சிட்டு வந்த பின்னேரத்துக்கு இதை விட வேற வேண்டாம். பிரஷர் குளிசை போடுற ஆக்கள் நாளும் பொழுதும் குடிக்காதைங்க, இது பிரஷரைக் கொஞ்சம் இறக்கும்.

உப்புவெளிப் பக்கம் சீசனுக்குத் திறக்கிற கபேயள்ல வெள்ளைக்காரருக்காக கெமோமைலும் பெப்பர்மின்ட்டும் வச்சிருப்பாங்க. ஒரு இடத்துல கெமோமைல் கேட்டன், கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி மாதிரி இளஞ்சூட்டில ஒரு கிளாஸ் தந்தாங்க, பூ ஊறவே இல்ல. மூலிகைக்குக் கொதிதண்ணி வேணும், மூடி வச்சு அஞ்சு நிமிசமாவது விடோணும், கிரீன் டீக்குத்தான் சூடு குறைக்கிறது, இவங்க ரெண்டையும் மாத்திப் பிடிச்சிருக்காங்க போல. வீட்டில சரியா ஊத்தினாப் பிறகும் கெமோமைல் எனக்குப் பிடிபடேல்ல, அப்பிள் வாசம் எண்டு சொல்லுறாங்க, எனக்கு வருத்தக்காரரிட அறை வாசம். பெப்பர்மின்ட் நேர்மையான ஆள், சூட்டிலயும் ஆறினாலும் அதே குளிர்ச்சி, மென்தோல் நாக்கிலயும் வேலை செய்யிற சாமான் எண்டதால மூக்கை மட்டும் நம்பி நிக்கிறேல்ல.

கடைசியா தண்ணியும் இருப்பும், இது ரெண்டும் ஃபிளேவரை விடக் கூடக் கெடுக்குது. கடலுக்குக் கிட்ட சில வளவுகள்ல கிணத்துத் தண்ணி சவர், அதுல ஊத்தின கறுத்தத் தேத்தண்ணிக்கு மேல எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு ஏடு நிக்கும், தண்ணியில இருக்கிற கல்சியம் தேயிலையோட சேர்றதால வாறது, ஏர்ல் கிரே அதுல செத்துப்போகும், தேசிக்காய் ஒரு சொட்டு விட்டா ஏடு விலகும். பெலிமல்லுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, சவர்த் தண்ணியிலயும் அது அதுதான். பிறகு எங்கட ஊர்க் காத்து ஈரம், உடைச்ச பக்கற் ரெண்டு கிழமையில பதம் போயிடும், மூடி இறுக்கமான போத்தலுக்குள்ள போட்டு வைங்க, அதுவும் தனித்தனியா. வனிலாப் பெட்டியையும் பெலிமல் பக்கற்றையும் ஒரே அலுமாரித் தட்டில வச்சா ஒரு மாசத்துல ரெண்டும் வனிலாதான்.