பெயிண்ட் அடித்த பழைய குரூசிபிள்: பட்டறைக்காரர்கள் கவனிக்கவும்

அலுமினியம், பித்தளை உருக்கிச் சின்ன அளவில் வார்ப்பு வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். வேறு யாரோ உலையில் ஓட்டித் தேய்த்த குரூசிபிளை, அதாவது உலோகம் உருக்கும் பாத்திரத்தை, உள்ளே பூசி, வெளியே பெயிண்ட் அடித்து, புதிதாக நம்பர் எழுதி விற்கிறார்கள். எங்களுக்கு வந்தது உலைக்குள்ளேயே ஒழுகிவிட்டது. யாருக்கும் காயமில்லை. கடைப் பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை.

எங்களுடையது டீசல் பர்னர் வைத்த உலை. பம்ப் பாகங்கள், புல்லி, சில நேரம் கோயில் வேலைக்குப் பித்தளை. வழக்கமாகக் கொடுப்பவரிடம் சரக்கு இல்லாததால் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். சிலிக்கான் கார்பைடு வகை, 100-ம் நம்பர் கேட்டேன். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு: நம்பர் என்பது ஏறக்குறைய எத்தனை கிலோ பித்தளை பிடிக்கும் என்பது. அலுமினியம் எடை குறைந்த உலோகம் என்பதால் அதே பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு கிலோதான் நிற்கும். களிமண்-கிராஃபைட் வகையைவிட சிலிக்கான் கார்பைடு விலை கூட. ஆனால் சூடு சீக்கிரம் உள்ளே போகும், திடீர்ச் சூட்டையும் தாங்கும், டீசலும் மிச்சமாகும். அதனால்தான் காசு கொடுத்து அதை வாங்குகிறோம்.

கடையில் காட்டிய சாம்பிள் அருமையான சரக்கு. தூக்கிப் பார்த்தேன், மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கோயில் மணி மாதிரி கணீரென்றது. விலை வழக்கத்தைவிடக் கால்வாசி குறைவு. கேட்டதற்கு, "ஏற்றுமதிக்குப் போட்ட சரக்கு தம்பி, ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு, அதான்" என்றார். அட்வான்ஸை ஜிபேயில் போட்டேன். சரக்கு கடையிலிருந்து வராது, கோடவுனிலிருந்து நேரே பட்டறைக்கு வந்துவிடும் என்றார்கள். விளையாட்டே அங்கேதான். கடையில் காட்டுவது ஒன்று, கோடவுனிலிருந்து ஏற்றுவது வேறொன்று.

ஐப்பசி மழையில் ராத்திரி குட்டியானையில் வந்து இறங்கியது. தார்ப்பாய், சாக்கு, வைக்கோல் எல்லாம் சுற்றிப் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி, உலைப் பக்கம் சூடான இடத்தில் வைத்துவிட்டோம். குரூசிபிள் காற்றில் இருக்கும் ஈரத்தையே குடிக்கும். நம்ம ஊர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழி தெரியாமல் சுவரையே பிளந்துவிடும். அதனால் புதுசை வெறும் பாத்திரமாக உலையில் வைத்து, 200 டிகிரி வரை மெதுவாக ஏற்றி, ஈரம் போன பிறகு 800 வரை வேகமாகக் கொண்டுபோய், அப்புறம்தான் உலோகம் போடுவோம். எங்கள் உலைக்காரர் இதில் ரொம்பக் கறார். பர்னர் வால்வை அவரைத் தவிர யாரையும் தொட விடமாட்டார்.

அப்படிச் செய்தும், முதல் சார்ஜ், அதாவது முதல் தடவை போட்ட உலோகம், முழுக்க உருகி ஊற்றப் போகும் நேரத்தில் உலையின் அடிவாசல் வழியாக அலுமினியம் வந்தது. பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. 700 டிகிரி தாண்டின அலுமினியம் இரும்பைப்போல் தகதகவென்று சிவக்காது. பகல் வெளிச்சத்தில் வெள்ளி மாதிரி, ஏதோ ஆறின பொருள் மாதிரித்தான் தெரியும். உதவிக்கு நின்ற பையன் குனிந்து பார்க்கப் போனான். "தள்ளுடா!" என்று உலைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடிவாசலுக்குக் கீழே உலர்ந்த மணல் தட்டு எப்போதும் வைத்திருப்போம். உலோகம் அதில் போய்த் தேங்கியது. வெறும் கான்கிரீட் தரையில், அதுவும் மழை ஈரத்தோடு இருக்கிற தரையில் கொட்டியிருந்தால் எப்படி வெடித்துத் தெறிக்கும் என்று பவுண்டரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறின பிறகு வெளியே எடுத்துப் பார்த்தோம். அடியில், ஓரத்தை ஒட்டி ஓட்டை. ஓட்டையைச் சுற்றி வெளுத்த சிமெண்ட் மாதிரி ஒன்று உதிர்ந்து வந்தது. அதே லாட்டில் நாங்கள் தீயே காட்டாத இன்னொரு குரூசிபிள் இருந்தது. அதை எடுத்து உள்சுவரைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டினேன். கறுப்புப் பூச்சு மாவு மாவாகக் கொட்டியது. பூச்சுக்கு அடியில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சுவரைச் சுற்றி மெல்லிய வெள்ளிக்கோடு. யாரோ ஒருவருடைய அலுமினியம், மாசக்கணக்காக அதே மட்டத்தில் நின்று படிந்த கசடுக்கோடு. நகத்தால் நெம்பினால் சின்னச் சின்ன உலோக மணிகளாக வந்தது. கீழே அடிப்பாகத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஃபயர் சிமெண்ட் ஒட்டு. தீ காட்டாத பாத்திரத்துக்குள் உருகின உலோகம் எப்படி வரும்?

உடைந்த துண்டையும் பார்த்தேன். சிலிக்கான் கார்பைடு உடைந்தால் முறிவில் மணல் மாதிரி சொரசொரப்பும் மினுமினுப்பும் இருக்கும். இது பென்சில் கரி மாதிரி வழவழவென்று விரலில் ஒட்டியது. அதாவது பழசு மட்டுமில்லை, நான் காசு கொடுத்த வகையே இல்லை.

கடைக்குப் போனேன். என்ன சொல்வார்கள் என்று முன்பே தெரியும், அதையேதான் சொன்னார்கள். "சார், நீங்க சரியா சூடு காட்டல." குரூசிபிள் விற்கிறவர்களிடம் எதற்கும் ஒரே பதில் இதுதான். வெடித்தாலும் சூடு, ஒழுகினாலும் சூடு, வாய் உதிர்ந்தாலும் சூடு. பல நேரம் அது உண்மை என்பதுதான் அவர்களுக்கு வசதி. இறுக்கமாக உலோகக் கட்டியைத் திணித்து, சூட்டில் கட்டி விரிந்து சுவரைப் பிளந்த கதை நிறைய உண்டு. அளவு பொருந்தாத கிடுக்கியால் பிடித்து விளிம்பை உடைப்பவர்களும் உண்டு. ஆனால் தீயே பார்க்காத பாத்திரத்தைக் கண் முன்னால் வைத்து, கசடுக்கோட்டைக் காட்டினால்? பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர், "அது டெஸ்டிங் பண்ணது சார், கம்பெனியில ஒருதரம் மெட்டல் ஊத்தி செக் பண்ணித்தான் அனுப்புவாங்க" என்றார். ஃபயர் சிமெண்ட் ஒட்டும் டெஸ்டிங்கா என்று கேட்டேன். பதில் இல்லை.

பில்லை எடுத்து நீட்டினேன். அங்கேதான் நிஜமான கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. பில்லில் "தீக்காப்புப் பொருட்கள், லாட்" என்றுதான் இருக்கிறது. சிலிக்கான் கார்பைடு என்றோ, 100-ம் நம்பர் என்றோ, தயாரிப்பாளர் பெயரோ எதுவும் இல்லை. ஜிஎஸ்டிக்காகப் பொருளின் வகையைக் காட்டும் ஹெச்எஸ்என் எண் 6902. அது தீச்செங்கல் வகையறாவுக்கான தலைப்பு. குரூசிபிள் வருவது 6903-இல். "நாங்க குரூசிபிள்னு பில்லே போடலையே சார்" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்லவேளை, வாட்ஸ்அப்பில் நான் கேட்ட அளவும் வகையும், அவர் "ஓகே, எஸ்ஐசி 100, புது சரக்கு" என்று போட்ட பதிலும் இருக்கிறது. எஸ்ஐசி என்றால் சிலிக்கான் கார்பைடு. இறங்கின ராத்திரி எடுத்த போட்டோவும் இருக்கிறது. அது கணக்குக்காக எப்போதும் எடுப்பது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காக, சுயதொழிலுக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. தானே உலை முன்னால் நிற்கிற சின்னப் பட்டறைக்காரர் இதில் வாதாடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பெரிய பவுண்டரிக்காரர்களுக்கு 1930 சரக்கு விற்பனைச் சட்டம்தான் வழி. சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வரட்டும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? சாம்பிளை மட்டும் தட்டாதீர்கள், இறக்கும் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். ஈரம் குடித்திருந்தாலும் அப்படித்தான் கேட்கும் என்பதால், உலர வைத்து இரண்டாவது முறையும் தட்டுங்கள். டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள், விரலால் தேய்த்தால் பூச்சு உரியக்கூடாது. அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாவற்றையும் தராசில் வையுங்கள். ஒரே நம்பர், ஒரே வகை என்றால் எடை பெரிதாக வித்தியாசப்படாது. எங்களுக்கு வந்ததில் ஒன்றுக்கொன்று கிலோக்கணக்கில் வித்தியாசம் இருந்தது, கிராஃபைட் எரிந்துபோய் இளைத்தவை. உருகின உலோகத்தை வடிகட்ட இதே கடையில் வாங்கிய செராமிக் ஃபோம் ஃபில்டரும் சரியில்லை. அங்குலத்துக்கு 20 துளை கேட்டால் 10 துளையும் கலந்து வைத்திருக்கிறார்கள், விரலால் அழுத்தினால் பொடி கொட்டுகிறது. அந்தப் பொடி வார்ப்புக்குள் போனால் லேத்தில் டூல் போவதுதான் மிச்சம்.

இந்தப் பழைய சரக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று மூலக்கடை பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் விசாரித்தேன். "உங்க மாதிரி பட்டறையிலேர்ந்துதாண்ணே வருது. உடையாம இருந்தா தனி ரேட்டு, அதுக்குன்னே வந்து எடுத்துட்டுப் போறாங்க" என்றார். ஆகவே ஆயுள் முடிந்த குரூசிபிளை முழுசாக எடைக்குப் போடாதீர்கள். சம்மட்டியால் வாயையும் அடியையும் உடைத்துவிட்டுப் போடுங்கள்.