ரேபிட்எம்கியூ: ஓடினால் தங்கம், லொகின் கேட்டால் வில்லங்கம்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துத் தங்குமிடங்கள் சிலவற்றுக்கும் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் படகுகளுக்கும் முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்து நாங்களே பராமரிக்கிறோம். ஒரு பதிவு விழுந்தால் விருந்தாளிக்கு எஸ்எம்எஸ், படகுக்காரருக்குத் தகவல், கணக்கில் ஒரு வரி என்று மூன்று பக்கம் போக வேண்டும், நடுவில் நின்று அந்தச் செய்திகளை வாங்கி, வரிசையில் வைத்து, பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் ரேபிட்எம்கியூ. 2007இல் வந்தது, எர்லாங் மொழியில் எழுதியது, இலவசம். டிஸ்கில் எழுதி வை என்று முறையாகச் சொல்லி வைத்தால் சீசன் நேரத்தில் கரண்ட் போய் வந்தாலும் பதிவு தொலையாது. வேலை விஷயத்தில் அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வில்லங்கம் எல்லாம் வாசலில்தான். பாஸ்வேர்ட் பிழை, பயனர் பிழை, இருக்கும் இடம் பிழை, எதுவானாலும் இணைய வரும் நிரலுக்குக் கிடைப்பது ஒரே பதில்: 403, அனுமதி மறுக்கப்பட்டது, விவரம் சேர்வரின் லொக் கோப்பில் (நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் கோப்பு) பார். வெளியாளுக்கு எது பிழை என்று காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் இப்படிச் செய்திருக்கிறார்கள், நியாயம்தான், ஆனால் சேர்வரைத் தொடவே முடியாத இடத்திலிருந்து நிரல் எழுதுகிற பொடியன் பாவம். "அண்ணா, என்ட லப்டொப்பில வேலை செய்யுது, சேர்வரில மட்டும் விடுதில்ல" என்று போன் வந்தால் நான் பாஸ்வேர்டைக் கேட்பதே இல்லை, எந்தப் பயனர் என்றுதான் கேட்பேன். அனேகமாக கெஸ்ட் என்பான்.

கெஸ்ட் என்ற பயனர் நிறுவும்போதே கூட வருவது, பாஸ்வேர்டும் கெஸ்ட். 2014இல் வந்த 3.3.0 பதிப்பிலிருந்து அது அதே இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டும்தான் நுழையலாம். லொக் கோப்பைத் திறந்தால் கெஸ்ட் லோக்கல்ஹோஸ்டில் (அதாவது அதே இயந்திரத்தில்) இருந்து மட்டுமே இணையலாம் என்று பச்சையாக எழுதியிருக்கும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டி போல, கொண்டெய்னர் என்று, அடைத்து ஓட்டும் கருவி) போடுவதற்கென்று தரும் அதிகாரபூர்வ இமேஜில் இந்தக் கட்டுப்பாட்டை எடுத்து விட்டிருக்கிறார்கள், அதனால் லப்டொப்பில் டொக்கர் வைத்திருப்பவனுக்கு எல்லாம் ஓடும், சேர்வரில் நேரடியாக நிறுவிய இடத்தில் ஓடாது. கட்டுப்பாட்டைக் கழற்ற வேண்டாம், வேறு பயனரை உருவாக்குங்கள்.

டொக்கரில் இன்னொரு பொறி இருக்கிறது, எனக்கு ஆக எரிச்சல் தருவது இதுதான். பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சூழல் மாறியில் (கொண்டெய்னரைத் தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) கொடுக்கலாம், ஆனால் தரவு வெறுமையாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் அதை எடுத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை தடவை மாற்றிக் கொடுத்தாலும் பழைய பாஸ்வேர்ட்தான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: தரவு ஃபோல்டர் இயந்திரத்தின் பெயரோடு கட்டப்பட்டது, நீங்கள் அந்தப் பெயரை (ஹோஸ்ட்பெயர்) கொடுக்காமல் விட்டால் புதிய கொண்டெய்னர் புதுப் பெயரோடு எழும்பி, பக்கத்திலேயே ஒரு வெறும் ஃபோல்டரைத் திறந்து உட்கார்ந்துவிடும், நேற்று உருவாக்கிய பயனர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பழைய தரவு அழியவில்லை, அப்படியேதான் கிடக்கிறது, ஆனால் லொகின் பிழையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

நிர்வாகக் கட்டளைகளுக்கு வேறொரு பூட்டு. ரேபிட்எம்கியூசிடிஎல் என்ற கட்டளைக் கருவி பயனர், பாஸ்வேர்ட் ஒன்றையும் பார்க்காது, எர்லாங் குக்கி என்ற சின்னக் கோப்பைத்தான் பார்க்கும். பிரவுசர் குக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திறந்து பார்த்தால் ஒரே வரியில் அர்த்தமில்லாத ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அவ்வளவுதான். சேர்வரிடம் இருப்பதும் கட்டளை தட்டும் ஆளிடம் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் விண்டோஸ் இயந்திரத்தில் நிறுவியிருந்தார்கள், பதிவெல்லாம் ஓடுகிறது, கட்டளை மட்டும் மறுபக்கம் ஏற்கவில்லை என்று தள்ளுகிறது. அங்கே சேவை ஓடுவது விண்டோஸின் சிஸ்டம் கணக்கில், அதன் குக்கி சிஸ்டம்32க்குள் கொன்ஃபிக், சிஸ்டம்ப்ரொஃபைல் ஃபோல்டரில், நாம் நுழைந்த கணக்கின் குக்கியோ நம்முடைய சொந்த ஃபோல்டரில். சிஸ்டம் கணக்கின் குக்கியை எடுத்து நம்முடையதன்மேல் போட்டதும் சரி. லினக்ஸில் என்றால் கோப்பை உரிமையாளர் மட்டும் வாசிக்கும்படி 400 அனுமதியில் வைக்க வேண்டும், மற்றவர்களுக்கும் திறந்து விட்டால் அதற்கும் கோபித்துக்கொள்ளும். எந்தக் குக்கியை எங்கிருந்து எடுக்கிறது என்று காட்டித் தர டயக்னொஸ்டிக்ஸ் கருவியில் தனிக் கட்டளையே இருக்கிறது, பாராட்ட வேண்டிய விஷயம்.

15672 போர்ட்டில் வரும் நிர்வாகப் பக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் பயனருக்கு டேக் (இன்ன பொறுப்பு என்ற அடையாளம்) ஒன்று கொடுக்காவிட்டால் உள்ளே விடாது. அட்மினிஸ்ட்ரேட்டர் டேக் கொடுத்தாலும் வீஹோஸ்ட் (ஒரே சேர்வருக்குள் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் பகுதி) அனுமதி தானாக வராது, பயனர் பட்டியலில் அணுகல் இல்லை என்று நிற்கும். அமைத்தல், எழுதுதல், வாசித்தல் என்று மூன்றும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். உள்ளே வந்தபின் ஒரு கியூவை (செய்திகள் காத்திருக்கும் வரிசை) தொட அனுமதி இல்லையென்றாலும் அதே 403தான் வரும், இதைப் பாஸ்வேர்ட் பிழை என்று நினைத்து மாற்றி மாற்றி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 403க்குப் பதிலாக 530 என்ற பிழை வந்தால் வீஹோஸ்ட் பெயரைப் பாருங்கள். இணைப்பு முகவரிக்குள் பாஸ்வேர்ட் எழுதுகிறவர்கள் அதில் அட் குறியோ சாய்கோடோ இருந்தால் அவற்றைச் சதவீதக் குறியோடு தொடங்கும் எண்ணாக மாற்றிக் குறியாக்கம் செய்தே போட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு நாளைக்கு நாலைந்து பதிவு வரும் ஒற்றை விடுதிக்கு இது தேவையே இல்லை, டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும். பல இடங்களுக்குச் சேர்த்து நடத்துகிறவர்கள் தாராளமாகப் போடலாம், 15672ஐ மட்டும் இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள்.