காய்ச்சல் விட்ட நாளில் விமானம் ஏறாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் விடுமுறைக்கு வந்து காய்ச்சலில் படுப்பவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். நான்காம் நாள் சூடு தணிந்ததும் "சரியாயிருச்சி" என்று பெட்டி கட்டிவிடுவார்கள். டிங்கியில் (டெங்கு) ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவதே அப்போதுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும்.

அரசாங்க கிளினிக்கில் மைகார்டு (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) இருந்தால் 1 ரிங்கிட். குடியுரிமை மாற்றியவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். இதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்தவர் என்பதெல்லாம் கவுண்டரில் எடுபடாது. தனியார் கிளினிக்கில் காத்திருப்பு குறைவு. ஆனால் உடம்பு வலி என்றதும் ஊசி போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இபுப்ரோஃபென், ஆஸ்பிரினும் ஆகாது, ரத்தக்கசிவைக் கூட்டும். பெரியவர்களுக்கு பனடோல் (பாராசிட்டமால்) 500 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது.

டிங்கியைக் கண்டுபிடிக்கும் என்.எஸ்.1 ரத்தச் சோதனையை முதல் ஐந்து நாளுக்குள் செய்தால்தான் பயன். சின்ன வயதில் ஒருமுறை டிங்கி வந்தவர்களுக்கு அது 'இல்லை' என்று காட்டவும் வாய்ப்பு அதிகம். நான்கு வகை வைரஸில் வேறொன்று இரண்டாவதாகத் தொற்றினால் ஆபத்தும் கூடுதல். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ரத்தச் சோதனைச் சீட்டில் எல்லோர் கண்ணும் பிளேட்லெட்டுக்குத்தான் (ரத்தத் தட்டணு) போகும். அதோடு ஹெச்.சி.டி. வரியையும் பாருங்கள்; ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டுவது அது. அது நேற்று 40, இன்று 48, பிளேட்லெட்டும் (ஆயிரக் கணக்கில்) 180லிருந்து 70க்கு இறங்கியது என்றால் கசிவு தொடங்கிவிட்டது, வார்டுதான். பப்பாளி இலைச்சாறு அதை நிறுத்தாது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சீட்டுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் தினமும் ரத்தம் பார்க்க வேண்டும்.

ஆற்றில் குளித்தவர்கள், வெறுங்காலோடு தோட்டத்து வடிகாலில் இறங்கியவர்கள் 'கெஞ்சிங் திக்குஸ்' என்னும் எலிக்காய்ச்சலையும் நினைவில் வையுங்கள். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும். டிங்கி இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். இது வெளிப்பட ஒரு மாதம்கூட ஆகலாம். லண்டன் திரும்பி மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கிய தேதியை அங்குள்ள டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.