பனியன் கம்பெனித் தெருப் பள்ளிக்கூடம்

திருப்பூரில் எங்கள் தெருமுனை அரசு நடுநிலைப் பள்ளியில் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்து ஒரு வருஷம் ஆகிறது. வகுப்பில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள். ஜூனில் எழுத்துக்கூட்டிய பாட்னாப் பையன் இப்போது குறள் ஒப்பிக்கிறான். இவள் இந்தியில் சண்டை போடுகிறாள்! தீபாவளி முடிந்து வரும் பீகார் பண்டிகையான சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பொங்கலுக்குத்தான் திரும்புகிறார்கள். அரையாண்டு மதிப்பெண் சரிவதும் அதனால்தான், பிள்ளைகள் மக்கு என்பதால் அல்ல. தமிழ்ப் பாடம் அருமை. கணக்குதான் இடிக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் இந்த வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. இங்கே கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரே டீச்சர், அவரும் அடிக்கடி பயிற்சிக்குப் போய்விடுவார். அப்புறம், எட்டாம் வகுப்பில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான தேசிய வருவாய்வழித் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. அதற்குச் சனிக்கிழமை தனி வகுப்பு உண்டு, காசு வாங்குவதில்லை. கழிப்பறைக்கு மட்டும் ஒரு ஸ்டார்கூடத் தரமாட்டேன்.