கீழ அலங்கம் பக்கத்து மாலை வகுப்பு: ஒரு வருடம் பையனை அனுப்பிய பிறகு எழுதுகிறேன்

தஞ்சாவூர் கீழவாசல் மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்துகளில் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தெருவில் பாதி அப்பாக்கள் மூட்டை தூக்குகிறவர்கள், அம்மாக்கள் நாலு வீட்டு வேலை முடித்து வருவதற்குள் இருட்டிவிடும், அதுவரை பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் ஒரு டியூஷனில் மாதம் 600 ரூபாய் கட்டினேன். ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள், விடையைப் பலகையில் எழுதிப் போட்டு அப்படியே பார்த்து எழுதச் சொல்வார்கள். நோட்டு அழகாக இருக்கும், பையனுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த மாலை வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. 2021-ல் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே மாலையில் சொல்லிக்கொடுக்க அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்த அக்கா ஒருவர், அப்போது மாதம் 1000 ரூபாய்தான் ஊக்கத்தொகை, அந்தப் பழக்கத்தை விடாமல் இன்றும் ஒரு மொட்டை மாடியில் நடத்துகிறார். ஆனால் பாதி நேரம் சொல்லிக்கொடுப்பது அவர் இல்லை, ஒன்பதாவது பத்தாவது படிக்கிற நம் தெருப் பிள்ளைகள். ஆரம்பத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை, பிள்ளைக்குப் பிள்ளை என்ன சொல்லிக்கொடுக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். என் பையன் நாலாவது. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுவான், ஒன்றுகள் இடத்தில் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவான். மீன்காரம்மா மகள், ஒன்பதாவது படிக்கிறது, புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகச் சின்னச் சின்னப் பையில் கட்டி ஐந்து பையும் உதிரியாக இரண்டு கொட்டையும் அவன் முன்னால் வைத்தது. "ஏழு எடு தம்பி" என்றது. இரண்டுதான் இருக்கிறது என்று முழித்தான். "அப்ப ஒரு பையை அவிழ்க்க வேண்டியதுதானே?" அவிழ்த்தான், பன்னிரண்டு ஆனது. கடன் வாங்குவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது, உண்மையைச் சொன்னால் எனக்கும்.

வாரம் ஒரு பிள்ளை தலைவர். வருகைப் பதிவு எழுதுவது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. முனைத் தெருவிளக்கு எரியாமல் கிடந்தபோது இவர்களே மனு எழுதி, கையெழுத்து வாங்கி, வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போய்க் கொடுத்தார்கள். மனுவை வாசித்தது வீட்டில் வாயே திறக்காத பெண்பிள்ளை, அதன் அம்மா அன்று அழுதுவிட்டார்.

எட்டாவது பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் வரும். நம் வீடுகளில் அது பெரிய பணம், அதுவும் பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்தலாமா என்று யோசிக்கிற வீட்டில்.

குறை இருக்கிறது. ஐப்பசி அடைமழை மாடித் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது, அந்த மாதம் பாதி நாள் வகுப்பு இல்லை. கழிப்பறைக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும், பெரிய பெண்பிள்ளைகளுக்கு அது சங்கடம், வசதி உள்ளவர்கள் யாராவது முதலில் இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், பத்தாவது கணக்குக்கு இது போதாது.

சேர்க்க நினைத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள். செருப்பைப் படியிலேயே விட்டுவிடுங்கள், மேலே பிள்ளைகள் தரையில்தான் உட்கார்ந்திருக்கும்.