ஊருக்குப் போனபோது விழுந்த ஹார்டு டிஸ்க்

இந்த முறை ஊருக்குப் போகும்போது, தம்பிக்குப் படங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துப் போயிருந்தேன். 2009 முதல் எடுத்த குடும்பப் படங்கள், பிள்ளைகளின் வீடியோக்கள், அம்மாவின் பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்தது எல்லாம் அதில்தான். வேறு பிரதி கிடையாது.

பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேபிள் காலில் மாட்டி டிஸ்க் தரையில் விழுந்தது. பதறி எடுத்து மறுபடி செருகினேன். டிக், டிக், டிக், கொஞ்சம் அமைதி, மறுபடி டிக் என்று சத்தம் கேட்டது. கணினியில் எதுவும் தெரியவில்லை.

முதலில் போன கடையில், "ராத்திரி முழுக்க ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட விடுறோம், வந்துடும்" என்றார்கள். நம்பிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போனால் டிஸ்க் இன்னும் மின்சாரத்தில், அதே டிக் சத்தத்தோடு. எப்படி விழுந்தது, என்ன சத்தம் என்று ஒரு கேள்விகூட அவர்கள் கேட்டிருக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் தம்பி விசாரித்து, டேட்டா மீட்பு மட்டுமே செய்யும் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனான். அங்கிருந்த பையன் டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் செருகிப் பார்ப்பான் என்று நினைத்தேன். செருகவே இல்லை. "அக்கா, விழுந்தப்ப ஓடிட்டிருந்ததா? அதுக்கப்புறம் எத்தனை நேரம் கரன்ட்ல இருந்தது? யாராவது திறந்தாங்களா?" என்று கேட்டு எழுதிக்கொண்டான். எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கியது.

டிஸ்க்குக்குள் டேட்டா பதிந்திருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். படிக்கும் ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஓடும்போது விழுந்தால் ஹெட் தட்டில் மோதி வளையலாம். வளைந்த ஹெட்டோடு ஓட விட்டால் தட்டையே கீறிவிடும், கீறிய இடத்தில் இருந்ததை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. இதைப் பொறுமையாகச் சொன்னான். ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கலாமா என்று தம்பி கேட்டதற்கு, வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், வேண்டவே வேண்டாம் என்றான்.

வடிகட்டிய காற்று வீசும் மேசையில் வைத்துத் திறந்து, உருப்பெருக்கியில் படம் எடுத்துக் காட்டினார்கள். தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த நான்கு ஹெட்டில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கத் தட்டின் ஓரத்தில் தலைமுடி அளவில் ஒரு வளையம். அதே மாடல் டிஸ்க் ஒன்று தேடிப் பிடித்து, அதன் ஹெட்டுகளை மாற்ற வேண்டும் என்றார்கள். எவ்வளவு மீளும் என்று உறுதி தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

ஹெட் மாற்றிய பிறகும் உடனே கோப்புகளைத் தொடவில்லை. டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக, அதாவது சின்னச் சின்னத் துண்டாக, இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுத்தார்கள். கீறல் இல்லாத மூன்று பக்கங்களை முதலில் படித்து முடித்துவிட்டு, நான்காவதைக் கடைசிக்கு வைத்தார்கள். இரண்டாம் நாள் போனபோது திரையில் பச்சைக் கட்டங்களுக்கு நடுவே சீரான இடைவெளியில் கறுப்புக் கோடுகள். அது ஏன் என்று கேட்டேன். டேட்டா நான்கு பக்கங்களிலும் மாறி மாறிப் பதிவாகும். கறுப்பு, கீறல் விழுந்த பக்கத்துக்குரியது என்றான். படம் சின்னக் கோப்பு, பெரும்பாலும் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். நீளமான வீடியோ நான்கையும் தொட்டுப் போகும், அதனால் அதற்குத்தான் அடி அதிகம். எந்தக் கோப்பு ஏன் போனது என்பது புரிந்ததில் ஓர் ஆறுதல் இருந்தது.

பணம் வாங்குவதற்கு முன்பே கோப்புப் பட்டியலைக் கொடுத்து, நான் சொன்னவற்றைத் திறந்து காட்டினார்கள். அம்மாவின் ஆல்பம் முழுசாக இருந்தது. படங்களில் மிகச் சிலதான் பாதிக்கு மேல் சாம்பலாக வந்தன. புது டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து, தங்களிடம் உள்ள பிரதியை நான் சரிபார்த்துச் சொன்ன பிறகே அழிப்போம் என்றார்கள். தம்பி அன்று இரவே அதிலிருந்து தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டான்.

மகள் முதல் முதலாக நடந்த வீடியோ இடையில் உறைந்து நிற்கிறது. கட்டம் கட்டமாகக் கலைந்து, மறுபடி தெளியும்போது அவள் என் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள். நடந்த அந்த நான்கு அடி இல்லை. அம்மாவின் குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது.